பெண்கள் மட்டும் இரண்டு நாள் மலைநடை: எடேலில் தங்கி, மாம் டோரும் கிண்டர் ஸ்கவுட்டும். எப்படித் திட்டமிடலாம்?

கீதா_லெஸ்டர்
மொத்தம் 11 பெண்கள், வயது 27 முதல் 61 வரை. அக்டோபர் முதல் சனி, ஞாயிறு. இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியில் எடேல் கிராமம் என்று முடிவாகிவிட்டது. கார் கிடையாது, ரயில்தான். மூன்று பேருக்கு மலைநடை நன்றாகப் பழக்கம், வரைபடம் பார்க்கத் தெரியும். மற்றவர்கள் பூங்காவில் ஐந்து கிலோமீட்டர் நடப்பவர்கள். இரண்டு பேருக்கு இறக்கத்தில் முழங்கால் வலிக்கும். கிண்டர் ஸ்கவுட் மேட்டில் ஏறியே ஆகணும் என்று நாலு பேர் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். எந்த நாளில் எந்த வழி, எத்தனை மணி நேரம் ஒதுக்கணும், வழியில் கழிப்பறைக்கு என்ன செய்வது, உடுப்பு, செருப்பு எல்லாம் சொல்லுங்கள்.

மலைமகள்
கீதா, இடத்தைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறீர்கள். மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் நடுவே ஓடும் ஹோப் வேலி ரயில் பாதையில் எடேல் ஒரு ஸ்டேஷன். ஷெஃபீல்டிலிருந்து அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் வடக்கே கிண்டர், தெற்கே கிரேட் ரிட்ஜ் என்கிற நீண்ட முகடு. இரண்டுக்கும் நடந்தே போகலாம், அதனால் கார் இல்லாதது குறையே இல்லை.

என் வாக்கு: சனிக்கிழமை முகடு, ஞாயிற்றுக்கிழமை கிண்டர்.

சனி வழி: எடேல் ஸ்டேஷன், ஹாலின்ஸ் கிராஸ், அங்கே வலப்பக்கம் திரும்பி மாம் டோர் (517 மீட்டர்). அதே வழியில் ஹாலின்ஸ் கிராஸுக்குத் திரும்பி, கிழக்கே பேக் டோர், லூஸ் ஹில் (476 மீட்டர்), பிறகு ஹோப் ஸ்டேஷனுக்கு இறக்கம். ஹோப்பிலிருந்து எடேல் ரயிலில் அடுத்த ஸ்டேஷன். மொத்தம் சுமார் 12 கிலோமீட்டர், ஏற்றம் 450 மீட்டர் அளவில்.

நேரக் கணக்கு. மலைநடையில் எல்லோரும் சொல்லும் நெய்ஸ்மித் விதி 1892இல் வந்தது: மணிக்கு 5 கிலோமீட்டர், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். அது நடந்து பழகிய ஆளுக்கான கணக்கு, நிற்கிற நேரம் அதில் சேராது. 11 பேர் குழுவுக்கு அதை எடுத்தால் ஏமாந்துபோவீர்கள். மணிக்கு 4 கிலோமீட்டர், 10 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு நிமிடம் என்று போடுங்கள். 12 கிலோமீட்டருக்கு 3 மணி, ஏற்றத்துக்கு 45 நிமிடம். சாப்பாடு, படம் எடுப்பது, உடுப்பு மாற்றுவது, கதவு திறந்து மூடுவது எல்லாம் சேர்த்து இன்னும் ஒன்றே கால் மணி. ஆக 5 மணி நேரம். அக்டோபர் முதல் வாரத்தில் சூரியன் மாலை 6:40 அளவில் மறைகிறது. 10:30க்குக் கிளம்பினாலும் வெளிச்சம் மிச்சம் இருக்கும்.

சனிக்கு முகடு என்று சொல்வதற்கு ஒரே காரணம் ஹாலின்ஸ் கிராஸ். நடுவழியில் யாருக்காவது முடியவில்லை என்றால் வடக்கே இறங்கினால் எடேல், தெற்கே இறங்கினால் காசில்டன் கிராமம், இரண்டும் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். புதுக் குழுவின் கால் எப்படி என்று தெரியாத முதல் நாளில் இப்படி ஒரு வாசல் கண்டிப்பாகத் தேவை. கிண்டர் மேலே அப்படி வாசல் அடிக்கடி கிடைக்காது.

ஒரு எச்சரிக்கை: ஹோப் ஸ்டேஷன் ஹோப் கிராமத்துக்குள் இல்லை. கிழக்கே ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. கிராமத்துக்கு வந்ததும் நடை முடிந்தது என்று கடையில் உட்கார்ந்தால் ரயில் போய்விடும்.

வானதி
மலைமகள் சொல்வதில் பாதிக்குத்தான் உடன்படுகிறேன். கிண்டரை இரண்டாம் நாள் வைத்தால் எல்லோருக்கும் தொடையும் கெண்டைக்காலும் பிடித்திருக்கும். அன்றைக்கே வீடு திரும்பும் ரயிலும் இருக்கிறது. நேரம் போதாமல் அவசரமாக இறங்கும்போதுதான் கணுக்கால் பிசகும். கடினமானதை முதல் நாள் முடித்துவிட்டால் ஞாயிறு நிம்மதி.

மலைமகள்
எல்லோரும் பழகியவர்கள் என்றால் நானும் அதையே சொல்வேன். இங்கே எட்டுப் பேர் புதியவர்கள். யாருடைய பூட்ஸ் கடிக்கும், யார் இறக்கத்தில் தயங்குவார், யார் பசித்தால் சோர்ந்துபோவார் என்பதெல்லாம் சனி மாலை தெரிந்துவிடும். அதைத் தெரிந்துகொண்டு ஞாயிறு இரண்டு குழுவாகப் பிரியலாம். கிண்டர் ஏற விரும்புபவர்கள் ஒன்று. மற்றவர்கள் எடேல், அப்பர் பூத், பார்பர் பூத் வழியாகப் பள்ளத்தாக்கிலேயே ஆறேழு கிலோமீட்டர் சுற்றலாம். பழகிய மூவரில் இருவர் கிண்டருக்கு, ஒருவர் பள்ளத்தாக்குக்கு. சனியே கிண்டருக்குப் போனால் இப்படிப் பிரிக்க எந்தத் தகவலும் கையில் இருக்காது.

நேரம் பற்றி நீங்கள் சொன்னது உண்மை. அதற்கு ஞாயிறு 9 மணிக்குக் கிளம்ப வேண்டும், 1 மணிக்கு எங்கே இருந்தாலும் இறக்கத்தைத் தொடங்க வேண்டும். அந்த 1 மணியை முந்தின இரவே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். மலை மேல் நின்றுகொண்டு பேசித் தீர்மானிக்கிற விஷயம் இல்லை அது.

வானதி
சரி, பிரிகிற யோசனை நல்லது. அப்படியானால் கிண்டர் வழியை நான் சொல்கிறேன். எடேலிலிருந்து பென்னைன் வே என்கிற நெடுந்தூர நடைபாதையில் அப்பர் பூத், அங்கிருந்து ஜேக்கப்ஸ் லேடர் என்கிற கல்படி ஏற்றம், மேலே கிண்டர் லோ. பிறகு தெற்கு விளிம்பைப் பிடித்துக்கொண்டு கிழக்கே நோ ஸ்டூல், பிம் சேர், கிரவுடன் டவர் பாறைகள் வழியாக கிரின்ட்ஸ்லோ நோல் (601 மீட்டர்), அங்கிருந்து எடேல். 13, 14 கிலோமீட்டர். 9 மணிக்குக் கிளம்பினால் 3 மணி சுமாருக்குத் திரும்பலாம்.

செய்யக் கூடாதவை மூன்று. கிரின்ட்ஸ்புரூக் பள்ளம் வழியாக இறங்காதீர்கள். அதன் மேல்பகுதியில் கையை ஊன்றி இறங்க வேண்டிய பெரும்பாறைகள் உண்டு, ஈரத்தில் வழுக்கும், முழங்கால் வலிக்காரருக்கு அது ஆகாது. ‘அருவியையும் பார்த்துவிடலாம்’ என்று கிண்டர் டவுன்ஃபாலைச் சேர்க்காதீர்கள். போக வர நாலைந்து கிலோமீட்டர் கூடும். மூன்றாவது, உச்சிப் புள்ளியான 636 மீட்டரைத் தேடி நடுமேட்டுக்குள் போகாதீர்கள். அது கூரான சிகரம் இல்லை. மேலே முழுக்கப் பரந்த பீட் (மக்கிய தாவரக் கரிமண்) சதுப்பு, ஆள் உயரத்துக்கு வெட்டுண்ட கரிய ஓடைகள். ஒன்றில் இறங்கி ஏறினால் திசை மாறியிருக்கும். மூடுபனியில் விளிம்புப் பாதையை விட்டு நூறு மீட்டர் உள்ளே போனாலே திரும்பும் வழி குழம்பிவிடும்.

யாழினி
நடக்கிற ஒழுங்கைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்ல. பாதையை விட அதுதான் முக்கியம்.

முன்னுக்கு ஒருத்தி, கடைசியில ஒருத்தி. ரெண்டு பேரும் பழகின ஆக்களா இருக்க வேணும். முன்னுக்குப் போறவவை ஒருத்தரும் தாண்டிப் போகக் கூடாது, கடைசி ஆளுக்குப் பின்னால ஒருத்தரும் நிக்கக் கூடாது. யாருக்காவது பத்தைக்குப் பின்னால போக வேணுமெண்டா கடைசி ஆளிட்டச் சொல்லிப்போட்டுப் போகோணும், அவ காவல் நிப்பா. பாதை பிரியிற ஒவ்வொரு இடத்திலயும் முழுப்பேரும் சேருமட்டும் நிண்டு, 11 எண்டு எண்ணிப்போட்டு வெளிக்கிடுங்கோ.

எல்லாக் குழுவும் விடுற பிழை ஒண்டு இருக்கு. முன்னுக்குப் போறவை நிண்டு இளைப்பாறுவினம். பின்னால வாறவ மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தவுடன ‘எல்லாரும் வந்தாச்சு, போவம்’ எண்டு வெளிக்கிடுவினம். ஓய்வு தேவைப்படாதவைக்குப் பத்து நிமிஷம், தேவைப்படுறவவுக்கு ஒரு நிமிஷமும் இல்லை. ரெண்டு மணித்தியாலத்தில அவ முடிஞ்சிடுவா. கடைசி ஆள் வந்து, பையைக் கழட்டி, தண்ணி குடிச்சு, ஐஞ்சு நிமிஷம் போன பிறகுதான் எழும்ப வேணும். இன்னும் நல்லது, மெதுவா நடக்கிறவவை முன்னுக்கு ரெண்டாவது ஆளா விடுறது. அவவின்ர வேகம்தான் குழுவின்ர வேகம்.

முதல் இருபது நிமிஷம் மெல்லமா போங்கோ. ஏறேக்க கதைச்சுக்கொண்டு நடக்க ஏலாட்டி வேகம் கூடிப்போச்சு எண்டு அர்த்தம். இருபது நிமிஷத்தில ஒருக்கா நிண்டு மேல்சட்டையைக் கழட்ட விடுங்கோ. வேர்வையில நனைஞ்சா மேல போய்க் காத்தில நிக்கேக்க குளிர் பிடிக்கும்.

பூங்குழலி
கழிப்பறை விஷயம். எடேலில் கார் நிறுத்தம் பக்கத்தில் பொதுக் கழிப்பறை உண்டு, காசில்டனில் பார்வையாளர் மையத்தருகே உண்டு. முகட்டிலும் கிண்டரிலும் எதுவும் கிடையாது. மரமும் கிடையாது. முகட்டில் நாலு பக்கமும் ஆள் நடமாட்டம் இருக்கும். அதனால் பல பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே நடக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மதியத்துக்குள் தலைவலி வரும், கால் பிடிக்கும், வீடு திரும்பியதும் சிறுநீர்த் தொற்று வரலாம். ஆளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் எடுத்துச் சென்று, குடித்து முடிக்க வேண்டும்.

மறைவுக்கு ஆளில்லாத பக்கம் கற்சுவரின் பின்புறம், அல்லது இரண்டு பேர் மழைக்கோட்டை விரித்துப் பிடிப்பது. ஓடையிலிருந்தும் பாதையிலிருந்தும் குறைந்தது 50 மீட்டர் தள்ளி. காகிதத்தை மண்ணில் விடக் கூடாது, கல்லுக்கு அடியிலும் செருகக் கூடாது. குளிர்ந்த பீட் மண்ணில் அது லேசில் மக்காது. வெட் வைப்ஸ் பலவற்றில் பிளாஸ்டிக் இழை இருக்கும், அது மக்கவே மக்காது. ஜிப் பையில் போட்டு, அதை நிறம் தெரியாத இன்னொரு பைக்குள் வைத்து, கீழே கொண்டு வாருங்கள்.

நின்றபடி சிறுநீர் போக உதவும் புனல் வாங்கினால் வீட்டுக் குளியலறையில் நாலைந்து தடவை பழகிவிட்டு வர வேண்டும். முதல் தடவை மலை மேல் என்றால் கால்சட்டை நனைந்துவிடும். புனலை உடம்போடு ஒட்டி, முன்பக்கம் சரித்துப் பிடிக்க வேண்டும், வேகமாகப் போகக் கூடாது. அதுதான் சூட்சுமம்.

மாதவிடாய் நாளானால் நாப்கினுக்கு அலுமினியத் தாள் உள்ளே ஒட்டிய ஜிப் பை, மணமும் வராது, வெளியே தெரியவும் தெரியாது. கப் பயன்படுத்துபவர்கள் கழுவத் தனியாக கால் லிட்டர் தண்ணீர், கைக்கு ஜெல். குழுவுக்குப் பொதுவாக ஒரு பை நாப்கின், வலி மாத்திரை வைத்திருப்பது நல்லது. தேதிக்கு முன்பே வருவதும் உண்டு, யாரும் கூச்சப்படத் தேவையில்லை என்று கிளம்பும் முன்பே ஒருவர் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

கீதா_லெஸ்டர்
இந்தத் தகவலுக்கெல்லாம் கோடி நன்றி. பூங்குழலி அக்கா சொன்ன விஷயத்தை யாரிடம் கேட்பது என்றே தெரியாமல் இருந்தது. அடுத்து உடுப்பு. இரண்டு பேர் சுடிதாரில்தான் வருவோம் என்கிறார்கள். பூட்ஸ் எல்லோரும் புதிதாக வாங்கணுமா?

நாச்சியார்
சுடிதாரில் தாராளமாக வரலாம், பருத்தியாக மட்டும் இருக்கக் கூடாது. பருத்தி தண்ணீரை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், காயாது, காற்றில் உடம்புச் சூட்டை இழுத்துவிடும். ஜீன்ஸ் அதைவிட மோசம். பாலியஸ்டர் குர்தா, கீழே ஒட்டிய லெகிங்ஸ், அதன் மேல் வாட்டர்ப்ரூஃப் கால்சட்டை என்றால் சரி. குர்தா முழங்காலுக்கு மேல் இருக்கட்டும், துப்பட்டா வேண்டாம். கற்சுவர் மேல் ஏறித் தாண்டும் படிகளில் இரண்டும் மாட்டிக்கொண்டு ஆளைத் தள்ளிவிடும்.

மேலே மூன்று அடுக்கு: வியர்வையை வெளியே விடும் பனியன், ஃப்ளீஸ், கடைசியாக தொப்பி வைத்த மழை ஜாக்கெட். குடை முகட்டில் உதவாது. அக்டோபரிலும் கம்பளித் தொப்பி, கையுறை பையில் இருக்க வேண்டும். கீழே 12 டிகிரி இருந்தால் மேலே எட்டு, ஒன்பதுதான். அதில் காற்று சேர்ந்தால் இன்னும் குறைவாகத் தோன்றும். நீண்ட பின்னல் உள்ளவர்கள் கொண்டை போடாமல் பின்னலைச் சட்டைக்குள் விடுங்கள். கொண்டை மேல் மழைத்தொப்பி நிற்காது.

பூட்ஸ்: கணுக்கால் மூடிய, அடிப்பாகம் ஆழமாக வெட்டுள்ள எதுவும் போதும். புதிதாக வாங்கினால் ஒரு மாதத்துக்கு முன்பே வாங்கி, மொத்தம் 40 கிலோமீட்டராவது போட்டு நடந்திருக்க வேண்டும். மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும்போது, நடைக்குப் போடும் அதே கனமான காலுறையுடன் அளவு பாருங்கள். கயிறு கட்டாமல் காலை முன்னே தள்ளினால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். நகங்களை இரண்டு நாள் முன்பே வெட்டிவிடுங்கள். பெருவிரல் நகம் கறுப்பது பெரும்பாலும் இறக்கத்தில் கால் முன்னே சறுக்கி மோதுவதால்தான்.

அந்தச் சறுக்கலை நிறுத்தக் கயிறு கட்டும் முறை ஒன்று உண்டு. கணுக்கால் மடியும் இடத்துக்குக் கீழே உள்ள கொக்கி வரை இறுக்கி, இரண்டு கயிற்றையும் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு முறை முறுக்குங்கள். முறுக்கின இடம் நழுவாமல் பிடித்துக்கொள்ளும். பிறகு மேல் கொக்கிகளைச் சற்றுத் தளர்வாகக் கட்டுங்கள். ஏற்றத்தில் மேல்பகுதி தளர்வு, இறக்கத்துக்கு முன் நின்று மறுபடி இறுக்கம். லூஸ் ஹில் உச்சியில் இறங்கும் முன் 11 பேரும் உட்கார்ந்து இதைச் செய்ய மூன்று நிமிடம் ஆகும்.

குதிகாலில் சூடாக உணர்ந்தால் அந்த நிமிடமே நிற்க வேண்டும். ‘அடுத்த கேட்டில் பார்த்துக்கொள்ளலாம்’ என்றால் கொப்புளம்தான். காலுறையைக் கழற்றி, தோலைத் துணியால் துடைத்துக் காய வைத்து, ஜிங்க் டேப் ஒட்டுங்கள். டேப்பின் நாலு மூலைகளையும் கத்தரியால் வட்டமாக வெட்டினால் சுருளாது. காம்பீட் போன்ற கொப்புளப் பிளாஸ்டர் ஒட்டினால் அதுவாக விழும் வரை பிய்க்கக் கூடாது, தோலும் சேர்ந்து வந்துவிடும்.

முழங்கால் வலிக்காரர்கள் இருவருக்கும் நடைக்கோல் ஒரு ஜோடி. இறக்கத்தில் சமதளத்தை விட 5 முதல் 10 சென்டிமீட்டர் நீட்டி, கோலை முதலில் ஊன்றி, பிறகு கால். மழை பெய்திருந்தால் பாதையில் பதித்த பெரிய கல்பலகைகளில் கவனம். பென்னைன் சதுப்புகளில் பதித்த பலகைகளில் பல, இடித்த லங்காஷயர் பருத்தி ஆலைகளின் தரைக்கற்கள். நூற்றாண்டு காலம் மிதிபட்டு வழுவழுப்பானவை.

வானதி
ரயில் செலவுக்கு ஒரு வழி. 3 முதல் 9 பேர் சேர்ந்து கூட்டம் குறைந்த நேரத்தில் போனால் குரூப்சேவ் என்று மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. 11 பேரையும் ஒரே டிக்கெட்டில் போட முடியாது. 6 பேர், 5 பேர் என இரண்டாக வாங்குங்கள். அந்தந்தக் குழு முழுப் பயணமும் சேர்ந்தே போக வேண்டும். ஞாயிறு பிரிந்து திரும்புவதாக இருந்தால் டிக்கெட்டும் அதே பிரிவில் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாளப் பணியால் ரயிலுக்குப் பதில் பஸ் விடுவதுண்டு. முந்தின வாரமே பாருங்கள். கடைசி ரயிலை நம்பாமல் அதற்கு இரண்டு ரயில் முந்தியதைக் குறி வையுங்கள்.

யாராவது தேதியை அக்டோபர் கடைசி வாரத்துக்குத் தள்ளச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஞாயிறு கடிகாரம் பின்னால் போகும். சனிக்கிழமை 5:45 வரை இருக்கும் வெளிச்சம் ஞாயிறு 4:45க்கே போய்விடும்.

யாழினி
தங்கிற இடம் எடேலிலயே எடுங்கோ. காசில்டன் வடிவான ஊர்தான், ஆனா முழுப் பையோட முகட்டைத் தாண்ட வேணும். பங்க்ஹவுஸ் (அடுக்குக் கட்டில் போட்ட பொது விடுதி) எண்டா முழு அறையும் உங்களுக்கு எண்டு கேட்டுப் பதியுங்கோ. முன்கூட்டிக் கேக்க வேண்டியது நாலு: காலமை பையை விட்டுட்டுப் போகலாமோ, ஞாயிறு பின்னேரம் மட்டும் வைக்கலாமோ, ஈரச் சாமான் காய வைக்க அறை இருக்கோ, போர்வை, துவாய் தருவினமோ. பல இடத்தில போர்வை தரமாட்டினம், நித்திரைப் பை கொண்டுபோக வேணும். பப்பில 11 பேருக்கு மேசை முதலே சொல்லி வையுங்கோ. கிராமத்தில குசினி எட்டரை, ஒன்பதுக்கு மூடிடும். மச்சம் (மீன், இறைச்சி) சாப்பிடாதவை எத்தனை பேர் எண்டும் சொல்லுங்கோ.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் புளிச்சாதம் நல்லம். கெடாது, குளிர்ந்தாலும் சாப்பிடலாம், உப்பும் இருக்கு. தயிர்சாதம் குளிர்ல இறங்காது. ஆளுக்கு ஒரு பிளாஸ்க் தேத்தண்ணி, ரெண்டு பேரீச்சம்பழமும் கச்சானும் ஜாக்கெட் பொக்கெட்டில. பைக்குள்ள வைச்சா ஒருத்தரும் எடுத்துச் சாப்பிடமாட்டினம்.

மலைமகள்
வரைபடம்: ஆர்டனன்ஸ் சர்வே எக்ஸ்புளோரர் ஓஎல்1, டார்க் பீக். 1:25,000 அளவு, அதாவது வரைபடத்தில் 4 சென்டிமீட்டர் நிலத்தில் ஒரு கிலோமீட்டர். பச்சைச் சிறு கோடுகள் நடைபாதை, பச்சை நீளக் கோடுகள் குதிரைப் பாதை. போன் செயலியிலும் இறக்கி வையுங்கள், ஆனால் எடேல் பக்கம் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும், குளிரில் பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். காகித வரைபடமும் திசைகாட்டியும் இரண்டு குழுவிலும் இருக்கட்டும்.

மாடுகள்: கன்றோடு நிற்கும் பசுக்களுக்கு நடுவே புகாதீர்கள். சுற்றிப் போங்கள், கூட்டமாக ஒட்டி, சத்தமில்லாமல். பின்னால் வந்தால் ஓடாதீர்கள், கையை விரித்து அமைதியாகக் கேட் பக்கம் நகருங்கள். கேட் திறந்திருந்தால் திறந்தே விடுங்கள், மூடியிருந்தால் மூடுங்கள். அதைச் செய்வது கடைசி ஆளின் பொறுப்பு.

பிரேக்கன் பெரணிச் செடிக்குள் நடந்தால் மாலையில் முழங்கால் மடிப்பு, இடுப்புப் பட்டை, மார்புக்கச்சை ஓரம் எல்லாம் உண்ணி பாருங்கள். கடித்திருந்தால் நுண்ணிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல், நேராக மேலே இழுக்க வேண்டும். எண்ணெய், நெருப்பு எதுவும் வேண்டாம். அடுத்த சில வாரங்களில் வட்டமாகச் சிவப்பு பரவினால் லைம் நோயாக இருக்கலாம், மருத்துவரைப் பாருங்கள்.

கிண்டரில் நிற்கும்போது இதையும் உங்கள் பெண்களுக்குச் சொல்லுங்கள். இந்த மேடு ஒரு காலத்தில் வேட்டைக்காகப் பூட்டி வைத்திருந்த நிலம். 1932 ஏப்ரல் 24 அன்று ஹேஃபீல்ட் பக்கமிருந்து தொழிலாளர்கள் கூட்டமாக அத்துமீறி ஏறினார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1951இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக இதே பீக் டிஸ்ட்ரிக்ட் அறிவிக்கப்பட்டது. 1965இல் எடேலிலிருந்து பென்னைன் வே திறந்தது. 2000ஆம் ஆண்டுச் சட்டம்தான் இத்தகைய மேட்டு நிலங்களில் எல்லோரும் நடக்கும் உரிமையைத் தந்தது. ஷெஃபீல்டைச் சேர்ந்த எதெல் ஹேதோர்ன்த்வெய்ட் என்ற பெண்மணி 1924 முதல் இந்தப் பக்கத்து நிலக்காட்சிகளைக் காக்கப் பாடுபட்டவர். ரயில் கிரிண்டில்ஃபோர்டைத் தாண்டும்போது, அவர் பணம் திரட்டிக் காத்த லாங்ஷா நிலம் மேலே இருக்கிறது.

வானதி
ஆபத்து என்றால்: 999 அழைத்து முதலில் போலீஸ், பிறகு மவுண்டன் ரெஸ்க்யூ என்று கேளுங்கள். நேரே ஆம்புலன்ஸ் கேட்டால் மலைக்கு வர வேண்டியவர்களுக்குச் செய்தி போகத் தாமதமாகும். வருபவர்கள் தொண்டர்கள், கட்டணம் கிடையாது. வரைபடக் கட்டத்தின் எண், எத்தனை பேர், என்ன காயம் என்பதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். சிக்னல் மெலிவாக இருந்தால் குறுஞ்செய்தி போகும், அதற்கு முன்பே ‘ரெஜிஸ்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லை 999க்கு அனுப்பிப் பதிந்திருக்க வேண்டும். இதை 11 பேரும் வெள்ளிக்கிழமையே செய்யட்டும். விசில்: ஒரு நிமிடத்தில் ஆறு முறை, ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடி. மூன்று முறை கேட்டால் அது பதில்.

அடிபட்டவர் கீழே உட்கார்ந்தால் முதலில் அவருக்கு அடியில் பையையோ பாயையோ போடுங்கள். ஈரத் தரைதான் உடம்புச் சூட்டை வேகமாக இழுக்கும். நாலைந்து பேர் நுழையும் அவசரக் கூடாரப் பை இரண்டு குழுவுக்கும் ஒவ்வொன்று.

கீதா_லெஸ்டர்
எல்லாவற்றையும் சேர்த்து எழுதிவிட்டேன். சனி 10:30 எடேல், முகடு, ஹோப்பிலிருந்து ரயில். சனி இரவு வானிலை பார்த்துப் பிரிவு. ஞாயிறு 9 மணி, கிண்டருக்கு 6 பேர், பள்ளத்தாக்குக்கு 5 பேர், டிக்கெட்டும் அப்படியே. எந்த வானிலைக்குக் கிண்டரைக் கைவிடுவது?

மலைமகள்
பிரிட்டனின் வானிலை நிலையமான மெட் ஆபீஸ் பீக் டிஸ்ட்ரிக்டுக்குத் தனியாக மலை முன்னறிவிப்பு போடுகிறது, ஊர் வானிலையைப் பார்க்காதீர்கள். மேகம் 600 மீட்டருக்குக் கீழே நாள் முழுக்க நிற்கும் என்றாலோ, மேலே காற்று மணிக்கு 40 மைலுக்கு மேல் வீசும் என்றாலோ, விட்டுவிடுங்கள். அப்போது ஆறு பேரும் ஜேக்கப்ஸ் லேடர் அடிவாரத்தில் உள்ள பழைய கல் பாலம் வரை போய் வரலாம். நல்ல நடை, பாதை தெளிவு. சனி இரவு பூட்ஸ் நனைந்திருந்தால் உள்தகட்டை வெளியே எடுத்து, செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஒரு மணி கழித்துத் தாளை மாற்றுங்கள். ஹீட்டர் மேல் வைத்தால் பசை விட்டு அடிப்பாகம் கழன்றுவிடும். பழைய செய்தித்தாள் ஒரு கட்டு யாராவது பையில் போட்டு வரட்டும்.